துறைமுகம் தாங்கிய கோயில்கள்

மார்செய் நகருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே மலையுச்சிக்குப் போய்விடுகிறார்கள். ஊரின் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்தாலும் நோத்ர்-தாம் த லா கார்த் பேராலயத்தின் பொன்மாதா கண்ணில் படுகிறாள். கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன. நான் கீழிருந்து தொடங்க விரும்பினேன். கி.மு. 600 வாக்கில் ஃபோசேயாவைச் சேர்ந்த கிரேக்க மாலுமிகள் வந்திறங்கிய குடாதான் இன்றைய பழைய துறைமுகம். சரக்கும் வேதமும் அகதிகளும் கொள்ளைநோயும் இந்த ஊருக்குள் கடல் வழியாகவே நுழைந்தன. அப்படிப்பட்ட ஊரின் தேவாலயங்களைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டே ஏறுவதுதான் முறை என்று தோன்றியது.

காலை நேரத்தில் துறைமுகத்தின் தலைமாட்டில் மீன் விற்பனை நடந்துகொண்டிருந்தது. இரவு வலையில் விழுந்தவை இன்னும் துடித்துக்கொண்டிருக்க, மீனவர் வீட்டுப் பெண்கள் உரத்த குரலில் விலை சொன்னார்கள். அவர்களுக்கு நேரெதிரே, சாலையைத் தாண்டினால் சேன் ஃபெரயோல் கோயில். ஒரு காலத்தில் சிலுவைப்போர் வீரத்துறவிகளான தெம்ப்ளர்களின் இடம் அது. பிறகு அகுஸ்தீன் சபைத் துறவிகள் அங்கே கோயில் எழுப்பினார்கள். 1542-இல் நேர்ந்தளிக்கப்பட்ட கோயிலுக்கு இன்றுள்ள வெண்ணிற முகப்பு 1870-களில் வைக்கப்பட்டது. உள்ளே போனபோது, மீன் பையைக் காலருகே வைத்துவிட்டு ஒரு மூதாட்டி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். சந்தைக்கு வந்த காலோடு கோயிலுக்குள் நுழைந்து போகிற வழக்கம் இங்கே இயல்பாக இருக்கிறது.

இந்தக் கோயிலின் பெயர் இன்னொரு கோயிலிலிருந்து வந்தது. சேன் ஃபெரயோல் என்ற பழைய பங்குக் கோயில் பிரெஞ்சுப் புரட்சியின்போது இடித்துத் தள்ளப்பட்டது. துறவிகள் வெளியேற்றப்பட்ட இந்தக் கட்டடம் தப்பிப் பிழைத்ததால் அதற்கு அந்தப் பங்கின் பெயர் வந்து சேர்ந்தது. ஒன்று விழ, இன்னொன்று நின்றது ஏன்? அன்று நடந்த வழியெல்லாம் இந்தக் கேள்வி என்னோடு வந்தது. வயதோ அழகோ கல்லின் உறுதியோ இதைத் தீர்மானிக்கவில்லை என்று ஒவ்வொரு வாசலிலும் தெளிவாகிக்கொண்டே போனது. ஒரு கோயில் யாருக்குத் தேவைப்பட்டது, அந்தத் தேவை எவ்வளவு காலம் நீடித்தது என்பதுதான் இந்த ஊரில் அதன் ஆயுளை எழுதியிருக்கிறது.

மீனவர் கோயில்

வடகரையோரமாக நகரசபைக் கட்டடத்தைக் கடந்து துறைமுகத்தின் வாய் வரை நடந்தேன். அங்கே சேன் ழான் கோட்டையின் தோளில், மேட்டின் மேல், சேன் லொரான் கோயில் இருக்கிறது. நகரின் மேற்கே லா கூரோன் பகுதியில் வெட்டிய இளஞ்சிவப்புக் கல்லால், புரொவான்ஸ் நாட்டு ரோமானெஸ்க் பாணியில் இடைக்காலத்தில் கட்டியது. வெளியே எண்கோண மணிக்கூண்டு. பக்கத்தில் ஒட்டியபடி, வெள்ளை அங்கி அணிந்த பாவப்பரிகார சபையார் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய புனித கத்தரீன் சிற்றாலயம். உள்ளே மூன்று நடைகள். கூர்மையாக வளைந்த கல் விதானம். சுவரில் பூச்சில்லை, ஓவியமில்லை. சிறு சாளரங்கள் வழியே கசியும் வெளிச்சம் கல்லின் சிவப்பைச் சற்றே தூக்கிக் காட்டுகிறது. கடலோடிகளுக்கு வேண்டியது அவ்வளவுதான் போலும்: காற்று நுழையாத ஓர் இடம், முழந்தாளிட ஒரு தரை.

இந்தக் கோயிலைச் சுற்றியிருந்த சேன் ழான் பேட்டை மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் வாழ்ந்த பகுதி. நேப்பிள்ஸ் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் ஏராளம். 1943 ஜனவரியில் ஜெர்மானியப் படையும் விஷி அரசின் காவல்துறையும் சேர்ந்து அந்தப் பேட்டையைச் சுற்றி வளைத்தன. ஏறத்தாழ 20,000 பேர் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். 1,600-க்கும் மேற்பட்டவர்கள் ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் யூதர்கள் பலர் சோபிபோர் கொலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்து திரும்பவேயில்லை. பிப்ரவரியில் வெடிவைத்து 14 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 1,500 கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். நகரசபைக் கட்டடம், வைர முகக் கல் வீடு, இன்னும் ஓரிரு பழைய மாளிகைகள், சேன் லொரான் கோயில் ஆகியவை மட்டும் விட்டுவைக்கப்பட்டன.

இன்று கோயிலைச் சூழ்ந்திருக்கும் சீரான கல் அடுக்ககங்கள் போருக்குப் பின் ஃபெர்னான் பூயோன் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியவை. நல்ல கட்டடங்கள்தான், கல்லில் கண்ணியம் இருக்கிறது. ஆனால் பங்கு மக்களைப் பிடுங்கிவிட்டுக் கோயிலை மட்டும் விட்டுவைப்பது எப்படிப்பட்ட இரக்கம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்தே வைத்திருக்கும் சிலர் இன்னமும் இருப்பதால் இந்தக் கோயிலுக்கு மூச்சு இருக்கிறது. உள்ளே நின்றுகொண்டு அந்த 20,000 பேரை நினைக்காமல் சுவரின் சிவப்பை மட்டும் ரசித்துவிட்டு வெளியேறுவது நியாயமில்லை.

கோயிலுக்கு வெளியே தூரெத் திடல். கீழே கப்பல்கள், எதிரே திறந்த கடல். இங்கே நிற்பவர்கள் கடலைத்தான் படம் எடுக்கிறார்கள். இதே திடலில் 1720 செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தன. அந்த ஆண்டு மே 25 அன்று, கிழக்கிலிருந்து பட்டும் பருத்தியும் ஏற்றி வந்த 'கிரான் சேன் அந்துவான்' என்ற கப்பல் கொள்ளைநோயையும் கொண்டுவந்தது. சரக்குக்குச் சொந்தக்காரர்களின் அவசரத்தால் தனிமைப்படுத்தும் விதிகள் தளர்ந்தன. நகரின் ஏறத்தாழ 90,000 மக்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் மாண்டார்கள். யாரும் நெருங்கத் துணியாத இந்தத் திடலுக்கு செப்டம்பர் 16 அன்று நிக்கோலா ரோஸ் என்ற வீரர், படைவீரர்களையும் கைதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய கொத்தளங்களின் கூரையை உடைத்துத் திறந்து, உள்ளிருந்த வெற்றிடத்தில் பிணங்களைத் தள்ளிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அந்த வேலைக்கு வந்த கைதிகளில் மிகச் சிலரே உயிரோடு மிஞ்சினார்கள்.

பேராலயமும் அதன் நிழலும்

திடலிலிருந்து வடக்கே பார்த்தால் லா மஜோர் பேராலயம் கண்ணை நிறைக்கிறது. வெள்ளைக் கல்லும் பச்சைக் கல்லும் மாறி மாறி வரிவரியாக அடுக்கிய சுவர்கள். கொத்துக் கொத்தாகக் குவிமாடங்கள். நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். 1852-இல் அடிக்கல் வைத்தவர், சில வாரங்களில் மூன்றாம் நெப்போலியன் என்று முடிசூடவிருந்த லூயி நெப்போலியன். லெயோன் வோதுவாயே தொடங்கினார். அவர் 1872-இல் இறக்க, ஆன்ரி எஸ்பெராந்தியே ஏற்றார். அவரும் 1874-இல் இறக்க, ஆன்ரி ரெவ்வால் முடித்தார். 1893 வரை வேலை நடந்தது. கீழே அதே காலத்தில் ஜோலியெத் புதுத் துறைமுகம் வளர்ந்தது. 1869-இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் கொழும்புக்கும் புதுச்சேரிக்கும் புறப்பட்ட மெசாழெரி மாரித்தீம் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்களில் இருந்தவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது இந்தக் குவிமாடங்களாகத்தான் இருக்கும். கிழக்கை நோக்கிய வாசல் நாங்கள் என்று பேரரசு அறிவித்துக்கொண்ட கட்டடம் இது.

முற்றத்தில் ஆயர் பெல்சன்ஸின் சிலை நிற்கிறது. 1720-இல் வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது ஓடாமல் நோயாளிகள் நடுவே சுற்றியவர். அந்த நவம்பர் முதல் நாள் நகரத்தை இயேசுவின் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். 1722-இல் நோய் மறுபடி தலைகாட்டியபோது நகர நிர்வாகிகள் ஒரு நேர்த்தி செய்தார்கள்: ஆண்டுதோறும் திருஇருதயத் திருநாளில் பூசை கண்டு, நான்கு பவுண்டு எடையுள்ள வெள்ளை மெழுகுதிரி ஒன்றைக் காணிக்கையாக வைப்பது என்று. முடியாட்சி போய், பேரரசு போய், அரசும் மதமும் பிரிந்த பின்னும் அந்த நேர்த்திக்கடன் நிற்கவில்லை. நகர நிர்வாகம் கைவிட்டதை வணிகர் சங்கம் எடுத்துக்கொண்டது. லாபத்துக்காக விதியைத் தளர்த்திய ஊரில் வணிகர்களே ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏந்துவது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. மறக்கக் கூடாததை மறக்காமலிருக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் நேர்த்திக்கடனைவிட உறுதியானது குறைவு.

உள்ளே போனால் சலவைக்கல், மொசைக், நெடிய தூண்கள், குளிர்ச்சி. நான் போன நேரத்தில் அந்த மாபெரும் கூடத்தில் சுற்றுலாப் பயணிகள் சிலரே இருந்தார்கள். 3,000 பேர் கொள்ளும் இடத்தில் காலடிச் சத்தம் தனியாக எதிரொலித்தது. ஆனால் இங்கே ஒரு கல்லறை முன்னால் நெடுநேரம் நின்றேன். 1837 முதல் 1861 வரை மார்செயின் ஆயராக இருந்த எழேன் த மசெனோ அங்கே துயில்கிறார். 1995-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்களுக்கு அவருடைய பெயர் பழகாமல் இருக்கலாம். அவர் நிறுவிய சபையின் பெயர் பழகாதிருக்க முடியாது. குருக்களின் பெயருக்குப் பின்னால் வரும் 'அ.ம.தி.' என்ற எழுத்துகள், அமலமரித் தியாகிகள், அவருடைய சபைதான்.

1847-இல் அவர் எத்தியேன் செமேரியா என்ற குருவின் தலைமையில் நால்வரை இலங்கைக்கு அனுப்பினார். கிறிஸ்தோப் பொன்ஜான் அதே சபையில் சேர்ந்து, 1868-இல் யாழ்ப்பாணத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, மடு மாதாவுக்குப் பெருங்கோயில் எழுப்பும் வேலையைத் தொடங்கி, பின்னர் கொழும்பின் முதல் பேராயரானார். யாழ்ப்பாணத்தில் 1876-இல் தொடங்கிய 'சத்தியவேத பாதுகாவலன்' பத்திரிகையும் அவர்கள் காலத்தது. மன்னார் காட்டுக்குள் நடந்து மடுவுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பக்திக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு நேர்கோடு இருக்கிறது. அந்தக் கல்லறையின் முன் அது எனக்குப் புத்தகச் செய்தியாக இல்லாமல் உறவாகத் தெரிந்தது. இந்தப் பேராலயத்தின் கற்களைவிட இங்கிருந்து கப்பலேறிப் போனவர்களே மசெனோவின் பெரிய கட்டடம் என்று சொல்வேன்.

பேராலயத்தின் விலாவில் இன்னொரு கட்டடம் ஒடுங்கி நிற்கிறது. அதுதான் பழைய லா மஜோர்: 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், ஊரின் மூத்த பேராலயம். புதியதற்கு இடம் போதவில்லை என்று அதை முழுதாக இடிக்க இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. நடையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பீடப்பகுதியையும் நடையின் ஒரு துண்டையும் மட்டும் விட்டார்கள். அதற்குள்ளே இத்தாலியச் சிற்பி பிரான்செஸ்கோ லவுரானா 15-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய புனித லாசரஸ் பீடம் இருக்கிறது. புதிய பேராலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய ஞானஸ்நான மண்டபத்தின் எச்சங்களும் வெளிப்பட்டன. பழைய கோயிலின் கதவு சாத்தியிருந்ததால் வெட்டுண்ட பக்கத்தை வெளியிலிருந்தே பார்த்தேன். 700 ஆண்டுகள் மக்கள் ஞானஸ்நானம் பெற்று, மணமுடித்து, மாண்டவரைச் சுமந்துவந்த இடம் அது. அதைப் பெருமைக்காக அறுத்தார்கள். பாதியாவது மிஞ்சியது, குரல் கொடுத்தவர்கள் இருந்ததால்.

பனியே மேட்டில்

அங்கிருந்து பனியே பேட்டையின் படிகளில் ஏறினேன். குறுகிய சந்துகள், சன்னலுக்குச் சன்னல் துணி காயும் கொடிகள். ஒரு திருப்பத்தில் அக்கூல் மணிக்கூண்டு திடீரென்று எழுந்து நிற்கிறது. கோயில் இல்லை, கூண்டு மட்டும் இருக்கிறது. 1793-இல் பாரிஸின் ஆட்சிக்கு எதிராக மார்செய் கலகம் செய்தது. கலகக்காரர்களின் பேட்டைக் கூட்டங்கள் கோயில்களில் நடந்தன. கலகம் அடங்கியதும் பாரிஸின் பிரதிநிதிகளாகப் பாராசும் ஃப்ரெரோனும் வந்து, கூட்டம் நடந்த கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். 1794 தொடக்கத்தில் நகரின் பெயரையே பறித்து 'பெயரற்ற நகரம்' என்று ஆக்கினார்கள். அக்கூல் கோயில் விழுந்தது அப்போதுதான். நான் முதலில் பார்த்த சேன் ஃபெரயோலின் பழைய கோயிலும் அந்தக் கோபத்துக்கே இரையானது. ஒரு சில வாரங்களுக்குப் பிறகு பெயர் திரும்பிவந்தது, கோயில்கள் வரவில்லை. கடிகாரமும் மணியும் ஊருக்கு வேண்டியிருந்ததால் கூண்டு மட்டும் பிழைத்தது.

அக்கூலை ஒட்டிய மேட்டில்தான் மசெனோவின் சபைக்கு மார்செயில் முதல் வீடு அமைந்தது. மேட்டுக்குடியில் பிறந்தவர் அவர்; ஆனால் படிப்பற்ற ஏழைகளுக்கு விளங்கும்படி புரொவான்ஸ் வட்டார மொழியிலேயே பிரசங்கம் செய்தவர். இடிந்த கோயிலின் அடிவாரத்தில், துறைமுகத்து மக்கள் நடுவில் வேலையைத் தொடங்கியது அவருக்குத் தகுந்த இடமே.

இன்னும் சற்று மேலே போனால் வியேய் ஷாரித்தே, பழைய தருமசாலை. இந்தப் பேட்டையிலேயே பிறந்த பியேர் புஜே 1671-இல் திட்டமிட்டது. மூன்று மாடித் தாழ்வாரங்கள் நான்கு பக்கமும் சூழ, நடுமுற்றத்தில் நீள்வட்டக் குவிமாடத்தோடு ஒரு சிற்றாலயம். மஞ்சளும் சிவப்பும் கலந்த கல் வெயிலில் தேன்நிறமாக மின்னுகிறது. பிரான்ஸில் நான் பார்த்த பரோக் கட்டடங்களில் இவ்வளவு எளிமையும் நேர்த்தியும் சேர்ந்து வந்தது வேறில்லை. ஆனால் அந்த அழகு யாருக்காக என்று கேட்டால் மனம் கனக்கிறது. தெருவில் பிச்சையெடுத்தவர்களைக் காவலர்கள் பிடித்துவந்து அடைத்த இடம் இது. வெளிச்சுவர்களில் தெருவைப் பார்க்கும் சன்னல்கள் கிடையாது. நீள்வட்டக் குவிமாடத்தின் கீழே முழந்தாளிட்டவர்கள் வெளியே போக முடியாதவர்கள். புஜே 1694-இல் இறந்தார். சிற்றாலயம் 1707-இல்தான் முடிந்தது.

பிற்காலத்தில் அது படைமுகாமானது, 1943-இல் வீடிழந்தவர்களுக்குப் புகலிடமானது, பின்னர் சிதைந்தது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே அதன் மதிப்பை எடுத்துச் சொன்னார். 1951-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 1986 வரை திருப்பணி நடந்தது. இன்று அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. வழிபாடு போன இடத்தில் சட்டமும் ஒரு கலைஞரின் குரலும் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன.

தென்கரையில்

துறைமுகத்தைச் சிறு படகில் கடந்து தென்கரைக்கு வந்தேன். அங்கே மேட்டில் நிற்பது கோயிலா கோட்டையா என்று தொலைவிலிருந்து சொல்ல முடியாது. சேன் விக்தோர் மடம் அது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தியப் பாலைவனத் துறவிகளோடு வாழ்ந்து பழகிய யோவான் காசியன் மார்செய்க்கு வந்து மடங்கள் நிறுவினார் என்பது மரபு. பழைய கல்குவாரியும் அதையொட்டிய இடுகாடும் இருந்த இடம். உரோமைப் பேரரசின் கடைசி வேதகலாபனையில் கொல்லப்பட்ட விக்தோர் என்ற மறைசாட்சியின் கல்லறை அங்கே இருந்ததாக நம்பி, மக்கள் அவருக்கு அருகில் புதைபட விரும்பினார்கள். 11-ஆம் நூற்றாண்டில் மடம் செழித்து, கத்தலோனியா, சார்தீனியா வரை அதன் கிளைகள் பரவின. 14-ஆம் நூற்றாண்டில் இதன் மடாதிபதியாக இருந்த கியோம் கிரிமோவார் ஐந்தாம் உர்பான் என்ற திருத்தந்தை ஆனார்; கோட்டை போன்ற இந்தச் சுவர்கள் அவர் காலத்தவை.

மேற்கோயிலைவிடக் கீழே இறங்கும்போதுதான் மார்செய் தன் வயதைக் காட்டுகிறது. படியிறங்கினால் ஈரமும் இருளும். பாறையில் குடைந்த அறைகள், உரோமைக்காலத் தூண்கள், செதுக்குவேலை நிறைந்த சலவைக்கல் பிணப்பேழைகள். 1047-இல் இறந்த மடாதிபதி இசார்னின் கல்லறைப் பலகையில் தலையும் பாதமும் மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். நடுவே உடல் இருக்க வேண்டிய இடம் முழுவதும் எழுத்து. இங்கேயே கருமாதாவும் இருக்கிறாள்: வால்நட் மரத்தில் செதுக்கிய பழைய சுரூபம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள் அன்று இந்தச் சுரூபத்துக்குப் பச்சை மேலாடை போர்த்துகிறார்கள். விடியுமுன் துறைமுகத்திலிருந்து மக்கள் பவனியாக ஏறி வருகிறார்கள். பேராயர் பச்சை மெழுகுதிரிகளை மந்திரிக்கிறார். மக்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆண்டு முழுவதும் பத்திரப்படுத்துகிறார்கள். பிறகு சற்றுத் தள்ளி சேந்த் தெருவில் 1781 முதல் நடக்கும் ரொட்டிக்கடைக்குப் போய் அடுப்பையும் மந்திரிக்கிறார். அங்கே விற்பது 'நவெத்' என்ற படகு வடிவ பிஸ்கோத்து. லாசரஸும் மரியாள்களும் படகில் புரொவான்ஸ் கரைக்கு வந்தார்கள் என்ற மரபின் நினைவு அது. ஒன்று வாங்கிக் கடித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது, ஆரஞ்சுப் பூவின் மணம் வாயில் நெடுநேரம் நின்றது. புரட்சிக் காலத்தில் இந்த மடத்தின் வெள்ளியும் தங்கமும் உருக்கப்பட்டன. கட்டடம் சிறையாகவும் வைக்கோல் கிடங்காகவும் பயன்பட்டது. பொக்கிஷம் போயும் சேன் விக்தோர் சாகவில்லை. மெழுகுதிரியையும் பிஸ்கோத்தையும் உருக்க முடியாதல்லவா!

மலைக்குப் போகுமுன் நகருக்குள் ஒரு கோயிலை மட்டும் தேடிப்போனேன். 1821-இல் கட்டிய சேன் நிக்கோலா த மீர். நெப்போலியனின் படை எகிப்திலிருந்து திரும்பியபோது அதனோடு வந்த கிழக்கத்திய கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக எழுந்தது. கிரேக்க மெல்கித்தே வழிபாட்டு முறையைச் சேர்ந்தது. 1815-இல் அரசியல் வெறியில் அந்த எகிப்திய அகதிகள் பலர் மார்செய் தெருக்களிலேயே கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் ஆறு ஆண்டுகளில் தங்களுக்கென்று ஒரு கோயிலை எழுப்பிக்கொண்டார்கள். அகதிகள் ஓர் ஊரில் வேர்விட்டதற்கு இதைவிடத் துணிச்சலான சாட்சி தேவையில்லை.

மலையுச்சியில்

கடைசியாக மலையேறினேன். கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 150 மீட்டர். 1214-இல் பியேர் என்ற குரு முதல் சிற்றாலயத்தைக் கட்டினார். 16-ஆம் நூற்றாண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர் அதைச் சுற்றிக் கோட்டை எழுப்பினார். மாலுமிகள் காவலரைத் தாண்டிப் போய் மாதாவை வணங்கிவந்தார்கள். இன்றும் பேராலயம் கோட்டைச் சுவர்மேல்தான் அமர்ந்திருக்கிறது. 1853-இல் அடிக்கல் வைத்தவர் மசெனோ. நேர்ந்தளிப்பு 1864-இல் நடந்தது. வரைபடம் போட்டபோது எஸ்பெராந்தியேவுக்கு வயது 24-ஐ எட்டவில்லை; சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர் அவர். ஊரின் மாதாவுக்குக் கோயில் கட்ட ஒரு புரொட்டஸ்டண்ட் இளைஞரை ஏற்றுக்கொண்ட பெருமனம் இந்தத் துறைமுகத்துக்கு உண்டு.

மணிக்கூண்டின் உச்சியில் நிற்கும் மாதா சுரூபம் 11 மீட்டருக்கும் அதிக உயரம். லெக்கேன் வடித்த உருவத்தைப் பாரிஸில் கிறிஸ்தோஃப்ல் பட்டறை மின்முலாம் முறையில் செம்பில் செய்து தந்தது. 1870-இல் நான்கு பகுதிகளாக மேலேற்றிப் பொருத்தினார்கள். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தங்கத்தகடு புதுப்பிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த பச்சைக் கல்லைக் கடற்காற்று அரித்துவிட்டதால் 2001 முதல் 2008 வரை பெரிய திருப்பணி நடந்தது. சுவரில் 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டுக் காயங்களை இன்னும் பார்க்க முடிகிறது. அல்ஜீரிய வீரர்கள் இந்த மேட்டைக் கைப்பற்ற ஏறிவந்த நாளில் விழுந்தவை அவை.

உள்ளே நுழைந்ததும் தங்கமும் சிவப்பும் கலந்த மொசைக் விதானம். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் கீழே தொங்கியவை: கம்பியில் ஆடும் சிறு கப்பல் மாதிரிகள், பாய்மரக் கப்பல், நீராவிக் கப்பல், மீன்பிடிப் படகு. சுவர் முழுவதும் காணிக்கைப் படங்கள். புயலில் சாய்ந்த கப்பல், மூலையில் மேகத்துக்குள் மாதா. பிறகு கட்டிலில் நோயாளி, பிறகு மோட்டார் வண்டி விபத்து, பிறகு விமானம். நன்றி என்ற ஒரே சொல்லும் ஓர் ஆண்டும் பொறித்த சலவைக்கற்கள் ஆயிரமாயிரம். புரட்சியில் பழைய காணிக்கைகள் எல்லாம் போயின. மக்கள் மறுபடி முதலிலிருந்து கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். அந்த மாதாவுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'நல்ல அம்மா'. ஞாயிறு பூசைக்குப் போகாதவரும், வேறு மதத்தவரும் அந்தப் பெயரைச் சொல்வதைப் பேருந்திலும் கடையிலும் கேட்டேன்.

பெரும்பணத்தாலும் அரசாணையாலும் லா மஜோரைக் கட்ட முடிந்தது. அதே அதிகாரத்தால் அதன் தாயை அறுக்கவும் முடிந்தது. இன்னோர் ஆட்சி அக்கூலை இடித்தது. வேறொரு படை சேன் லொரானின் மக்களைப் பிடுங்கியது. இத்தனைக்கும் பின்னால் எது நின்றிருக்கிறது என்று பார்த்தால், ஆண்டுதோறும் வரும் ஒரு மெழுகுதிரி, விடியுமுன் ஏறும் ஒரு பவனி, புயலுக்குத் தப்பியவர் தொங்கவிட்ட ஒரு படகு. இவற்றைச் செய்கிறவர்கள் இருக்கும் கோயில் இடிந்தாலும் எழுகிறது. அவர்கள் இல்லாத இடத்தில், ஷாரித்தேக்குக் கிடைத்ததுபோல உரிய நேரத்தில் ஒரு குரலும் சட்டமும் வேண்டும். பழைய ஆலயத்தைக் காக்க நினைக்கும் எந்த ஊரும் கல்லைப் பரிசோதிப்பதற்கு முன் அங்கே வருகிறவர்களைப் போய்ப் பார்க்கட்டும்; அவர்களுடைய வழக்கங்களுக்கு இடம் விடட்டும். திருப்பணியின் முதல் வேலை அதுதான் என்பதை மார்செய் மூன்று ஆட்சிகளின் அழிவைத் தாண்டி நிரூபித்திருக்கிறது.